பூந்தோட்டத்து நிழலும் வானத்துக் குடையும்

சென்ற ஏப்ரல் விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து எமது பேரன் கண்டிக்கு வந்திருந்தான். வயது பதின்மூன்று. நாம் அந்த வயதில் விடுமுறை நாட்களை மகாவலி ஆற்றங்கரையிற் கழித்தோம். அவன் கைப்பேசியிற் கழிக்கிறான். காலத்தின் போக்கை நொந்து பயனில்லை என்று நாமும் அவன் அருகிற் போய் அமர்ந்து, அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று எட்டிப் பார்த்தோம்.

விமானம் ஒன்று ஒரு தீவின் மேலாகப் பறக்கிறது. அதிலிருந்து நூறு பேர் குதிக்கின்றனர். ஒவ்வொருவரும் குடை விரித்து இறங்கி, ஆயுதம் தேடியெடுத்து, ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்துகின்றனர். இறுதியில் எஞ்சி நிற்பவனே வென்றவன். எமது பேரன் அன்று வென்றுவிட்டான். வெற்றிக் களிப்புடன் எம்மைப் பார்த்து, "அப்பப்பா, உண்மையான யுத்தத்திலும் இப்படித்தான் குதிப்பார்களா?" என்று கேட்டான்.

முற்றத்துத் திண்ணையிலிருந்து மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்த எமது மனைவியாரின் கை அக்கணமே நின்றது. ஒன்றும் பேசாமல் சுளகை எடுத்துக்கொண்டு அவர் உள்ளே போய்விட்டார். அதன் காரணம் எமக்குத் தெரியும், பேரனுக்குத் தெரியாது. அதைப் பின்னர் கூறுவோம்.

பேரனின் கேள்விக்கு மறுமொழி சொல்வது அத்துணை எளிதாக இல்லை. ஆம் என்றால் அது பாதி உண்மை. இல்லை என்றால் குதித்து மாண்டவர்களுக்கு நாம் செய்யும் அநியாயம். ஆகவே மறுநாட் காலையில் பேராதனைப் பூந்தோட்டத்துக்குப் போய் அங்கே வைத்துச் சொல்வதாக வாக்களித்தோம். பூந்தோட்டத்துக்கும் பரசூட் படைக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் வியந்தான். சம்பந்தம் உண்டு. கண்டியில் வாழ்பவர்களிற் பலர் அதை மறந்துவிட்டார்கள்.

கண்டி நகரிலிருந்து சுமார் 6 கிலோமீற்றர் தூரத்தில், மகாவலி ஆறு வளைந்து அணைத்துக்கொண்டிருக்கும் 147 ஏக்கர் நிலத்தில் அமைந்தது அந்தப் பூந்தோட்டம். வானளாவ நிமிர்ந்து நிற்கும் பனையினத்து மரங்களின் வரிசையும், குடைபோற் கிளை பரப்பிக் கிடக்கும் பென்னம்பெரிய ஜாவா அத்தி மரமும் அங்கு செல்வோர் தவறாது காண்பவை. மூவரும் மெல்ல நடந்து அந்த அத்தி மரத்தின் நிழலில் அமர்ந்தோம். மனைவியார் இடியப்பப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் பார்த்தபடி இருந்தார். நாம் கதையைத் தொடங்கினோம்.

1944ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இந்தப் பூந்தோட்டம் ஒரு பாசறையாக மாறியது. தென்கிழக்காசியாவில் ஜப்பானியருக்கு எதிராகப் போரிட்ட நேச நாட்டுப் படைகள் அனைத்துக்கும் தளபதியாக நியமிக்கப்பட்டிருந்த மவுண்ட்பேட்டன் பிரபு, தமது தலைமையகத்தை டில்லியிலிருந்து இங்கு மாற்றிக்கொண்டார். மரங்களுக்கிடையே கூரை வேய்ந்த கொட்டகைகள் எழுந்தன. தொலைபேசிக் கம்பிகள் கிளைகளைத் தழுவி ஓடின. ஆங்கிலேயரும் அமெரிக்கரும் இந்தியருமாக ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்தனர். பர்மாவின் காடுகளும் மலாயாவின் கடற்கரைகளும் அந்தக் கொட்டகைகளின் சுவர்களிலே வரைபடங்களாகத் தொங்கின. 1945 நவம்பரில் தலைமையகம் சிங்கப்பூருக்குப் போகும்வரை, கண்டி இப்பெரும் போரின் மூளைகளுள் ஒன்றாக விளங்கியது.

எமது தந்தையாருக்கு அப்போது இருபது வயது. உத்தியோகம் தேடி யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்தவருக்கு, தலைமையகத்தின் உணவுக் களஞ்சியத்திலே தற்காலிக இலிகிதர் வேலை கிடைத்தது. தகரத்தில் அடைத்த பழங்களையும் பாலையும் மீனையும் எண்ணிப் பதிவதே அவர் கடமை. யுத்த இரகசியம் ஒன்றும் அவருக்குத் தெரியாது. எனினும் முதுமையில் அடிக்கடி ஒன்று சொல்வார்: "நாங்கள் இங்கே நிழலில் இருந்து தகரப் பழம் எண்ணினோம். அங்கே காட்டில் நின்ற பெடியளுக்கு ஒரு பிடி அரிசியும் வானத்தாலேதான் விழவேண்டியிருந்தது." சிறுவயதில் இதன் பொருள் எமக்கு விளங்கவில்லை. பின்னாளில் நூல்களைப் படித்த பிறகே விளங்கியது.

வானத்திலிருந்து மனிதன் குதிப்பது புதிய கனவன்று. பிரெஞ்சுக்காரராகிய கார்னெரின் என்பவர் 1797இலேயே பாரிஸ் நகரின் மேலே பலூனிலிருந்து துணிக்குடை ஒன்றின் துணைகொண்டு இறங்கிக் காட்டினார். ஆயினும் இதைப் போர்த் தந்திரமாக வளர்த்தவர்கள் 1930களில் சோவியத் நாட்டவரே. அவர்கள் தம் ஒத்திகைகளில் நூற்றுக்கணக்கான வீரரை ஒருசேர வானிலிருந்து இறக்கி, பார்க்க வந்த அந்நிய அதிகாரிகளை அதிசயிக்கச் செய்தனர். ஜேர்மனியர் அதனைக் கற்றுக்கொண்டனர். 1940 மே 10இல் பெல்ஜியத்தின் எபென் எமேல் கோட்டையின் உச்சியிலேயே எஞ்சின் இல்லாத கிளைடர் விமானங்களில் வந்து இறங்கி, தகர்க்க முடியாதது எனக் கருதப்பட்ட அதனை வெகுவிரைவில் செயலிழக்கச் செய்தனர். அடுத்த மாதமே பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சில், தமது நாட்டிலும் ஐயாயிரம் பேர் கொண்ட பரசூட் படை வேண்டும் எனப் பணித்தார்.

ஆனால் 1941 மே 20இல் கிரீட் தீவின்மீது குதித்த அதே ஜேர்மன் படைக்கு வேறொரு பாடம் காத்திருந்தது. தீவு கைப்பற்றப்பட்டதுதான், ஆனால் குதித்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். பலர் நிலத்தைத் தொடுமுன்னரே சுடப்பட்டனர். அதன் பின்னர் அத்தகைய பெருந்தாக்குதலை ஹிட்லர் விரும்பவில்லை.

"ஏன் அப்பப்பா? குதித்தவனிடமும் துவக்கு இருக்குமே?" என்று பேரன் கேட்டான்.

விளையாட்டிற் காணாத உண்மை இதுதான். குடையில் இறங்குபவனால் தன்னைக் காத்துக்கொள்ள இயலாது. விமானத்தில் கட்டிய கயிறு அவன் குதித்ததும் இழுபட்டுக் குடையை விரிக்கும். சில நூறு அடி உயரத்திலிருந்து நிலத்தை அடையும் அந்தச் சொற்ப நேரம் அவன் காற்றுக்கும் பகைவனுக்கும் இலக்கு. இறங்கிய பின்னரும் பீரங்கி இல்லை, வாகனம் இல்லை. முதுகிற் சுமந்து வந்ததே சொத்து. தரைவழியாகத் துணைப்படை வரவேண்டும், அல்லது வான்வழியாக உணவும் மருந்தும் குண்டும் வரவேண்டும். இரண்டும் வராவிடில் எத்தகைய வீரனும் சில நாட்களுக்குள் தீர்ந்துபோவான். 1944 செப்டெம்பர் 17 முதல் ஒல்லாந்தின் ஆர்னெம் நகரருகே இறங்கிய சுமார் பதினாயிரம் பேருக்கு நேர்ந்தது இதுவே. தரைப்படை உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. ஆற்றைக் கடந்து மீண்டவர்கள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினரே.

இனி எமது பகுதிக்கு வருவோம். 1944 மார்ச் 5ஆம் நாள் இரவு. அசாமின் லாலாகாட் விமானத்தளத்திலிருந்து டக்கோட்டா விமானங்கள் கிளைடர்களைக் கயிற்றாற் கட்டி இழுத்துக்கொண்டு பர்மாவுக்குள் பறக்க ஆயத்தமாக நின்றன. சிந்திட்டுகள் எனப் பெயர் பெற்ற விங்கேட் தளபதியின் படையை, ஜப்பானியரின் முதுகுப்புறத்தே காட்டு வெளிகளில் இறக்குவதே திட்டம். புறப்படுவதற்குச் சற்று முன்னர் ஒரு நிழற்படம் வந்து சேர்ந்தது. இறங்கவேண்டிய வெளிகளுள் ஒன்றான பிக்காடிலியில் நெடுக மரக்குற்றிகள் கிடந்தன! திட்டம் பகைவனுக்குத் தெரிந்துவிட்டதோ என்ற அச்சம் எழுந்தது. சிறிது நேர ஆலோசனையின் பின், அனைவரையும் புரோட்வே என்னும் மற்றொரு வெளிக்கு அனுப்பத் தீர்மானித்தனர். உண்மையில் அந்தக் குற்றிகள் பகைவனின் பொறியன்று. காட்டில் தேக்கு வெட்டும் தொழிலாளர் வழக்கம்போல் இழுத்துப் போட்டவையே எனப் பின்னர் அறியப்பட்டது.

முதலிரவில் புறப்பட்ட அறுபதுக்கு மேற்பட்ட கிளைடர்களுள் பாதிக்குச் சற்று மேற்பட்டவையே புரோட்வேயை அடைந்தன. சிலவற்றின் கயிறு அறுந்தது. சில, புல்லுக்குள் மறைந்திருந்த பள்ளங்களில் மோதி நொறுங்கின. இருளில் பின்னே வந்தவை அவற்றின் மீதே மோதின. பகைவனின் ஒரு குண்டும் பாயாமலே பலர் உயிர் நீத்தனர். எனினும் தப்பியவர்கள் மண்ணைச் சமப்படுத்தி, மறுநாள் இரவுக்குள் டக்கோட்டாக்கள் இறங்கத்தக்க ஓடுபாதை அமைத்துவிட்டனர். ஏறத்தாழ ஒரு வார காலத்தில் சுமார் 9,000 படையினரும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கோவேறு கழுதைகளும் குதிரைகளும் அக்காட்டுக்குள் வந்து இறங்கினர். விங்கேட் தளபதியோ அதே மார்ச் 24இல் விமான விபத்தில் மாண்டார்.

அதே மாதத்தில் இந்தியப் படையின் பரசூட் வீரர்களுக்கு விசித்திரமான ஒரு சோதனை நேர்ந்தது. 1941 ஒக்டோபரில் உருவாக்கப்பட்ட 50ஆவது இந்திய பரசூட் பிரிகேட், வானிலிருந்து குதிக்கவே பயின்ற படை. ஆனால் அது முதன்முதலாகப் பெரும்போர் புரிந்தது குடை விரிக்காமல், கால்நடையாகவே. மணிப்பூர் மலையிலுள்ள சங்சாக் என்னும் சிற்றூரில், நீரூற்று ஒன்றும் இல்லாத ஒரு குன்றின்மீது, கோகிமாவை நோக்கி வந்த ஜப்பானியப் படையை 1944 மார்ச் 26 வரை அது தடுத்து நின்றது. அவர்களுக்கு வேண்டிய உணவும் குண்டும் மட்டுமே குடையில் இறங்கின. குன்றின் உச்சி மிகச் சிறியது. ஆதலால் குடைகளிற் பல பகைவரிடமே போய் விழுந்தன. இறுதியில் எஞ்சியவர்கள் இருளில் வெளியேறினர். இழப்போ மிகப் பெரிது. ஆயினும் அங்கே தாமதித்த நாட்கள் கோகிமாவையும் இம்பாலையும் காக்க உதவின என்பது வரலாற்றாசிரியர் துணிபு.

அக்காலத்தில் குடைக்கே பஞ்சம். ஐரோப்பிய யுத்தத்துக்கே பட்டுத்துணி போதவில்லை. பர்மாவில் 14ஆவது படைக்குத் தலைமை வகித்த ஸ்லிம் தளபதி என்ன செய்தார் தெரியுமா? கல்கத்தாவின் சணல் ஆலைக்காரரை அணுகி, சணற்றுணியிலே குடை செய்ய வைத்தார். சாதாரணக் குடைக்கு இருபது பவுணுக்கு மேற் செலவாகும் இடத்தில் இதற்கு ஏறத்தாழ ஒரு பவுணே ஆயிற்று. மனிதரை நம்பி இறக்க அது உதவாது. மூட்டைகளை இறக்கப் போதும். அரிசிக்கும் தீவனத்துக்கும் அதுவும் வேண்டியதில்லை. சாக்குக்குள் அரிசியை இட்டு, அதனைப் பெரிய சாக்கொன்றுக்குள் திணித்துத் தள்ளிவிட்டனர். உட்சாக்கு வெடித்தாலும் வெளிச்சாக்கு அரிசியைத் தாங்கிக்கொள்ளும். எமது தந்தையார் சொன்ன ஒரு பிடி அரிசி இவ்வாறுதான் விழுந்தது.

பேரன் இதைக் கேட்டுச் சிரித்தான். "சணற் சாக்கில் குடையா?" என்றான். மனைவியாரும் மெல்லத் திரும்பிப் பார்த்தார். ஆயினும் பேசவில்லை.

நாம் மேலே தொடர்ந்தோம். கண்டிக்குத் தலைமையகம் வந்த பின்னர் இங்கிருந்து இருவகை மனிதர் வானிலிருந்து அனுப்பப்பட்டனர். ஒரு வகையினர் ஒற்றரும் கெரில்லாப் போராளிகளுக்குத் துணைசெய்வோரும். பிரித்தானியரின் 136ஆம் படைப்பிரிவும் அமெரிக்க உளவுத்துறையின் ஒரு பிரிவும் கண்டியில் கந்தோர் அமைத்திருந்தன. பிற்காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியிலே சமையற்கலை கற்பித்துப் புகழ்பெற்ற ஜூலியா சைல்ட் அம்மையார், அந்நாளில் திருமணமாகாத இளம் பெண்ணாக, அந்த அமெரிக்கக் கந்தோரில் இரகசியக் கடதாசிகளைப் பதிவுசெய்து காத்தார். அக்கடதாசிகளிற் பெயர் பெற்றவர்கள் எங்கோ ஒரு காட்டில் தனித்து இறங்கியவர்கள். எமது தீவின் மின்னேரியா விமானத்தளத்திலிருந்தே லிபரேட்டர் விமானங்கள் வங்கக் கடலைத் தாண்டி மலாயாவுக்குப் பறந்து அவர்களையும் அவர்களுக்கான பொதிகளையும் இறக்கின. போய் மீள இருபது மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயணங்களும் அவற்றுள் உண்டு.

மற்றொரு வகையினர் கூர்க்கா பரசூட் வீரர்கள். இரங்கூன் நகரைக் கடல்வழியாகப் பிடிக்கும் 'டிராக்குலா' என்ற திட்டத்தில் பெரும் வான்படை வேண்டும் என்பதே தொடக்க எண்ணம். ஐரோப்பிய யுத்தத்திலிருந்து ஆளையும் விமானத்தையும் விட்டுக்கொடுப்பார் இல்லை. இறுதியில் ஒரே ஒரு பட்டாலியனே கிடைத்தது. 1945 மே 1ஆம் நாள் அதிகாலையில், இரங்கூன் ஆற்று முகத்துவாரத்தில் யானை முனை எனப்படும் இடத்துக்கு அப்பால் அவர்கள் குதித்தனர். கப்பல்கள் ஆற்றினுள் நுழையுமுன் அங்குள்ள பீரங்கிக் காவலரண்களை அடக்குவதே பணி. மழையிலும் சேற்றிலும் நடந்து போகும் வழியில், தம் தரப்பு விமானங்களின் குண்டுகளே தவறுதலாக அவர்கள்மீது வீழ்ந்தன. யானை முனையில் இருந்த சுமார் நாற்பது ஜப்பானியர் ஏறத்தாழ அனைவரும் மடியும்வரை போராடினர்.

இரங்கூனுக்கு மேலே பறந்த விமானிகள் சிறைச்சாலைக் கூரையில் ஓர் எழுத்தைக் கண்டனர். ஜப்பானியர் போய்விட்டனர் என்று உள்ளேயிருந்த கைதிகள் எழுதிவைத்திருந்தார்கள். பகைவர் நகரைச் சில நாட்களுக்கு முன்னரே கைவிட்டுப் போயிருந்தனர்!

இதைக் கேட்டதும் பேரனின் முகம் மாறியது. "அப்படியென்றால் அந்தக் கூர்க்காக்கள் வீணாகவா குதித்தார்கள்?" என்றான்.

நாம் திகைத்துப் போனோம். அன்றைய தளபதிகளுக்கு அது தெரியாது. ஆற்றுமுகத்தில் பகைவர் இருந்ததும் உண்மை. மழைக்காலம் முற்றுமுன் துறைமுகம் வேண்டியிருந்ததும் உண்மை. இவ்வாறெல்லாம் எடுத்துச் சொல்ல முயன்றோம். நாம் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் சரித்திரம் கற்பித்தவர்கள். காரணங்களை அடுக்குவது எமக்குப் பழக்கம். ஆனால் காரணங்களை அடுக்க அடுக்க, இந்த மர நிழலில் அமர்ந்து பேசுவது எவ்வளவு சுகமான காரியம் என்பது எமக்கே உறைத்தது. தந்தையார் சொன்ன தகரப் பழம் நினைவுக்கு வந்தது. வாய் தானாக அடங்கிற்று.

அப்போதுதான் எமது மனைவியார் வாய் திறந்தார்.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பின்னர், அவரையும் குழந்தையாக இருந்த எமது மகனையும் யாழ்ப்பாணத்திலுள்ள அவர் பெற்றோரிடம் அனுப்பிவிட்டு, உத்தியோகத்தின் பொருட்டு நாம் தனியே கண்டியில் இருந்தோம். அந்த ஆண்டுகளைப் பற்றி அவர் எம்முடன்கூட அதிகம் பேசுவதில்லை. விமான ஒலி கேட்டால் இன்றும் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தி அண்ணாந்து பார்ப்பார், அவ்வளவே.

அவர் பேரனை நோக்கிச் சொன்னார்: "உன் அப்பாவுக்கு அப்போது ஆறு வயது. 1987ஆம் ஆண்டு, ஒரு பின்னேரம். பெரிய பிளேன் சத்தம் கேட்டது. பிள்ளையை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு ஆச்சி மட்டும் ஓடவில்லை. முற்றத்தில் நின்று மேலே பார்த்தா. 'பிள்ளை, குடை விரியுது. குண்டுக்குக் குடை இல்லை, வெளியே வா' என்று சொன்னா. நானும் வந்து பார்த்தேன். வானத்தில் குடைகள். கீழே மூட்டைகள்."

அன்று ஜூன் 4ஆம் நாள். இந்திய விமானப்படையின் ஐந்து சரக்கு விமானங்கள், போர் விமானங்களின் காவலுடன் யாழ்ப்பாணத்து வானில் வந்து, சுமார் 25 தொன் நிவாரணப் பொருட்களைக் குடைகளில் இறக்கின. முதல் நாள் கடல்வழியே வந்த படகுகள் திருப்பி அனுப்பப்பட்டிருந்தன. பூமாலை என்பது அந்நடவடிக்கையின் பெயர். அதன் அரசியலைப் பற்றி அன்றும் பலர் பலவாறு பேசினர், இன்றும் பேசுவர்.

மனைவியார் தொடர்ந்தார்: "அப்போது அழுகையாக வந்தது. நாங்கள் இருக்கிறோம் என்று யாருக்கோ தெரிந்திருக்கிறதே என்று. பிறகு ஐப்பசி பிறக்க முன்னம் ஓரிரவு அதே வானத்தால் ஹெலிகொப்டர் வந்தது. விடியும்வரை வெடிச்சத்தம். அன்றைக்கு மூட்டை விழவில்லை, பெடியள் விழுந்தார்கள். யார் பெற்ற பிள்ளைகளோ. அதற்குப் பிறகு எங்கள் அயலிலும் எத்தனை வீட்டில் ஒப்பாரி."

அவர் குறிப்பிட்டது 1987 ஒக்டோபர் 11ஆம் நாள் இரவு. ஜூலை உடன்படிக்கையின் பின் வந்திருந்த இந்திய அமைதி காக்கும் படை, விடுதலைப் புலிகளின் தலைவர்களைப் பிடிக்கும் நோக்குடன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளவில் ஹெலிகொப்டர்களிலிருந்து வீரரை இறக்கியது. அவர்கள் வருவது முன்னரே தெரிந்திருந்தமையால் எதிர்த்தரப்பினர் ஆயத்தமாகக் காத்திருந்தனர். மேலும் துணைப்படை இறங்க இயலவில்லை. அங்கு இறங்கிய சீக்கிய இலகு காலாட்படையினர் முப்பதின்மருள் இருபத்தொன்பது பேர் மடிந்தனர். ஒருவர் மட்டுமே உயிருடன் பிடிபட்டார். கிரீட்டிலும் ஆர்னெமிலும் உலகம் கற்ற பாடம் நாற்பதாண்டுகள் கழிந்து எமது ஊரின் முற்றத்திலே மீண்டும் எழுதப்பட்டது. அதை எழுதிய கைகள் எங்கோ ஒரு வரைபடத்தின் அருகில் இருந்தன.

நெடுநேரம் மூவரும் பேசவில்லை. மகாவலியின் ஓசை மட்டும் கேட்டது. பின்னர் பேரன் மெதுவாக, "அப்பம்மா, குதிக்கிற ஆட்கள் எல்லாரும் சண்டைக்குத்தான் குதித்தவர்களா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு எம்மிடம் மகிழ்ச்சியோடு சொல்லத்தக்க ஒரு மறுமொழி இருந்தது. சங்சாக்கில் போரிட்ட அதே பரசூட் பிரிகேட்டில் 152ஆவது பட்டாலியனின் மருத்துவ அலுவலராக இருந்தவர், ரங்கராஜ் என்னும் மருத்துவர். தமிழ்நாட்டு ஆர்க்காட்டின் பெயரைத் தம் பெயரின் முன்னே தாங்கியவர். இந்தியருள் முதன்முதலாகப் பரசூட்டில் குதித்தவர்கள் என்று அவரையும் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கையும் குறிப்பிடுவர். ஒரு வைத்தியர் ஏன் குதிக்கவேண்டும்? குதித்தவர்கள் காயமுற்றால் அவர்களை எடுத்துச்செல்ல வண்டி வராது. வைத்தியனே அவர்களோடு குதிக்கவேண்டும்.

1950இல் கொரியாவில் யுத்தம் மூண்டபோது, இந்தியா போர்ப்படையை அனுப்பவில்லை. 60ஆவது பரசூட் மருத்துவப் பிரிவை அனுப்பியது. அதன் தலைவராகச் சென்றவர் ரங்கராஜ். அவ்வாண்டு டிசெம்பரில் ஐக்கிய நாடுகளின் படை பியோங்யாங் நகரிலிருந்து பின்வாங்கியபோது, மருத்துவச் சாமான்களைக் கைவிட இவர்களுக்கு மனம் வரவில்லை. பழைய புகையிரத எஞ்சின் ஒன்றைக் கண்டுபிடித்து, வாளி வாளியாக நீர் ஊற்றி, தம்முள் இருவரைக் கொண்டே ஓட்டுவித்து, பாலம் தகர்க்கப்படுமுன் சாமான்களோடு வந்து சேர்ந்தனர். 1951 மார்ச் 23இல் மூன்சான் என்னுமிடத்தில் அமெரிக்கப் பரசூட் வீரர் ஆயிரக்கணக்கில் குதித்தபோது, ரங்கராஜும் அவர் குழுவினருமாகப் பன்னிரு இந்தியர் அவர்களுடன் குதித்து, போர்க்களத்திலேயே காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்தனர். இந்திய அரசு அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கியது. பின்னாளில் அவர் உலக சுகாதார நிறுவனத்தின் பெரியம்மை ஒழிப்புப் பணியில் ஆப்கானிஸ்தானுக்குச் சென்றார். அங்கே குடை தேவைப்படவில்லை. ஊர் ஊராகப் போய்த் தடுப்பூசி ஏற்றும் பொறுமையே தேவைப்பட்டது.

"அவர் எத்தனை பேரைச் சுட்டார்?" என்று பேரன் கேட்கவில்லை என்பதைக் கவனித்தோம். "எத்தனை பேரைக் காப்பாற்றியிருப்பார்?" என்றே கேட்டான்.

இடியப்பப் பொதி காலியாயிற்று. வீடு திரும்பும் வழியில் கண்டி யுத்த மயானத்துக்குச் சென்றோம். சீராகக் கத்தரித்த புல்வெளியில் சுமார் இருநூறு கல்லறைகள். ஆங்கிலேயர், கிழக்காபிரிக்கர், இந்தியர், இலங்கையர் எல்லோரும் அருகருகே துயில்கின்றனர். இங்கு துயில்வோர் பரசூட் வீரரல்லர்; குதித்து மடிந்தவர்களுக்கு மண் கிடைத்த இடம் வேறு. ஆயினும் கல்லில் பொறித்த வயதுகளை வாசித்துக்கொண்டே போன பேரன், ஒரு கல்லின் முன் நின்று, "இந்த அண்ணாவுக்கு நம்முடைய பக்கத்து வீட்டு அண்ணாவின் வயதுதான்" என்றான். மனைவியார் அருகிருந்த செடியிலிருந்து உதிர்ந்து கிடந்த ஒரு பூவை எடுத்து அக்கல்லின் அடியில் வைத்தார்.

அன்றிரவு பேரன் கைப்பேசியை எடுக்கவில்லை என்று எழுத எமக்கும் ஆசைதான். அது பொய்யாகும். எடுத்தான், விளையாடினான், குதித்தான். ஆனால் இடையில் நிறுத்தி, "அப்பப்பா, இதில் குதிக்கிற நூறு பேருக்கும் சாப்பாடு யார் போடுவது?" என்று கேட்டான். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த எமது மனைவியார் வாய்விட்டுச் சிரித்த சத்தம் கேட்டது.

மாணவச் செல்வங்கள் பரசூட் வீரரின் தீரத்தைப் படிக்கட்டும். திறந்த வாயிலில் நின்று இருளுக்குள் காலெடுத்து வைப்பது சிறிய காரியமன்று. படிக்கும்போது, அவனை அனுப்பியவர் எந்த நிழலில் இருந்தார், அவனுக்குப் பின்னே அரிசியும் மருந்தும் போயினவா, அவன் இறங்கிய முற்றம் யாருடையது என்பவற்றையும் சேர்த்துக் கேட்கட்டும். பேராதனைப் பூந்தோட்டத்துக்குப் போகும் அன்பர்கள் அந்த அத்தி மர நிழலில் ஒரு நாழிகை அமர்ந்தால், இக்கேள்விகள் தாமாகவே எழும்.